ஜிஎல்-4 விட ஜிஎல்-5 உசத்தியா? 900 ரூபாய் மிச்சம் பண்ணி 38,000 ரூபாய் செலவு பண்ணின கதை



"முதல் கார் புதுசா வாங்கலாமா, செகண்ட் ஹேண்டா?" வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். ஆசைப்பட்டு மேனுவல் கியர் வச்ச ஸ்போர்ட்டியான கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்திருக்கார். கேள்வி இதுதான்: "அண்ணா, கியர் ஆயில் மாத்தணும்னு சொல்றாங்க. ஆன்லைன்ல பார்த்தா ஒரு லிட்டர் 400 ரூபாய்க்கும் இருக்கு, 3,000 ரூபாய்க்கும் இருக்கு. எதை வாங்குறது?"

பணத்தைப் பத்தி எழுதுற இடத்துல கியர் ஆயிலுக்கு என்ன வேலைன்னு நினைக்காதீங்க. இந்தக் கேள்விக்குத் தப்பான பதிலை நானே ஒரு தடவை ஏத்துக்கிட்டு, 900 ரூபாய் மிச்சம் பண்ணி, 38,000 ரூபாய் கட்டியிருக்கேன். நான் ஆடிட்டர், மெக்கானிக் இல்ல. ஆனா அந்த பில்லைக் கையில வாங்கினதுக்கு அப்புறம் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிச்சேன். படிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

நடந்தது என்ன?

2021-ல நான் ஒரு பழைய ஹோண்டா சிவிக் வாங்கினேன். 2010 மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல், அஞ்சு ஸ்பீடு மேனுவல். நாலு கதவு இருக்குற காரை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா சிலர் சிரிப்பாங்க. ஆனா அந்த கியர் லீவர் கையில விழற சுகத்துக்காகவே அதை வாங்கினவங்க நிறைய பேர். நானும் அதுல ஒருத்தன்.

2022-ல கியர் ஆயில் மாத்த வேண்டிய நேரம் வந்தது. வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ஒர்க் ஷாப்புக்குப் போனேன். "கம்பெனி ஆயில் ஸ்டாக் இல்ல சார், வரவழைக்க ரெண்டு நாள் ஆகும். ரெண்டு லிட்டர் 1,700 ஆகிடும். நம்மகிட்ட 80டபிள்யூ-90 ஜிஎல்-5 இருக்கு, ரெண்டு லிட்டர் 800தான்"னார்.

"அண்ணே, இது போடலாமா?"ன்னு கேட்டேன்.

"லாரிக்கே இதைத்தான் சார் ஊத்துறோம். மத்ததெல்லாம் ஜிஎல்-4. இது ஜிஎல்-5. ஒரு நம்பர் மேல!"

எனக்கும் நியாயமாத்தான் பட்டது. 4-ஐ விட 5 பெருசுதானே? விலையும் குறைவு. ஊத்திட்டேன்.

முதல் வாரமே காலையில வண்டியை எடுத்தா ரெண்டாவது கியர் மரம் மாதிரி இருந்தது. வண்டி சூடானதும் சரியாகிடும், அதனால விட்டுட்டேன். அஞ்சாறு மாசத்துல ரெண்டுல இருந்து மூணு போடும்போது "கர்"னு ஒரு சத்தம். கிளட்ச்னு நினைச்சு அதுக்கு ஒரு செலவு பண்ணினேன். சத்தம் போகல. வேற ஒரு மெக்கானிக் ஆயிலை இறக்கிப் பார்த்துட்டு, ஹோண்டாவோட எம்டிஎஃப் ஆயிலை ஊத்தினார். காலையில இருந்த இறுக்கம் அன்னைக்கே போயிடுச்சு. ஆனா மூணாவது கியரோட சிங்க்ரோ ரிங் ஏற்கெனவே தேஞ்சு போயிருந்தது. கியர்பாக்ஸை இறக்கி, ரிங், ஸ்லீவ், பேரிங், சீல் எல்லாம் மாத்தி, லேபரும் சேர்த்து 38,000 ரூபாய்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். அது பழைய வண்டி. எனக்கு முன்னாடி ஓட்டினவர் எப்படி ஓட்டினார்னு எனக்குத் தெரியாது. முழுக்க முழுக்க ஆயில்தான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா ஏற்கெனவே களைச்சுப் போயிருந்த சிங்க்ரோவுக்கு எட்டு மாசம் தப்பான ஆயிலைக் குடுத்து ஓட்டினது நான்தான்.

கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் என்ன வேலை செய்யுது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் சுலபம்.

ஓடுற பஸ்ல ஏறியிருக்கீங்களா? சும்மா நின்னுக்கிட்டே கம்பியைப் பிடிச்சா கை பிடுங்கிக்கும். கூடவே நாலு அடி ஓடி, பஸ்ஸோட வேகத்துக்கு வந்த அப்புறம் பிடிச்சா அலுங்காம ஏறிடலாம். கியர் மாத்தும்போதும் இதேதான் நடக்குது. நீங்க போடப்போற கியர் ஒரு வேகத்துல சுத்துது, அது சேரவேண்டிய ஷாஃப்ட் வேற வேகத்துல சுத்துது. ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர்ற சின்ன வளையம்தான் சிங்க்ரோ ரிங். நிறைய கார்கள்ல இது பித்தளை மாதிரியான செம்புக் கலவையில செஞ்சது. கியரோட கூம்பு மேல போய் அழுத்தி, உராய்ஞ்சு, வேகத்தைச் சமன் பண்ணும். அப்புறம்தான் பல்லும் பல்லும் சேரும்.

இப்ப ஆயிலோட நிலைமையைப் பாருங்க. பல்லுக்கும் பேரிங்குக்கும் நல்லா வழுக்கணும். ஆனா சிங்க்ரோ ரிங் வேலை செய்யுற அந்த ஒரு நொடியில ரொம்ப வழுக்கக் கூடாது. உராய்வு இருந்தாத்தான் வேகம் சமன் ஆகும். எண்ணெய் தடவின கையால ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியுமா? அந்த மாதிரி ஆகிடும். வேகம் சேராம பல்லு மோதும். நான் கேட்ட "கர்" சத்தம் அதுதான்.

அதாவது மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில் ரெண்டு எதிரெதிர் வேலையை ஒரே நேரத்துல செய்யணும். "அதிகப் பாதுகாப்பு"ன்னு ஒரே பக்கம் கூட்டிட்டே போனா இன்னொரு பக்கம் கெட்டுப் போகும்.

ஜிஎல்-4, ஜிஎல்-5: இது மார்க் இல்ல, வேற வேற பாடம்

ஜிஎல்னு போடுறது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது ஏபிஐ, கியர் ஆயில்களுக்குக் குடுத்த வகைப் பெயர். இங்கதான் நான் ஏமாந்தேன்.

ஜிஎல்-5 முக்கியமா டிஃபரன்ஷியலுக்கானது. லாரி, டெம்போவுல பின் சக்கரங்களுக்கு நடுவுல உருண்டையா ஒண்ணு தொங்குமே, அதுக்குள்ள ஹைப்பாய்டுன்னு ஒரு வகை கியர் இருக்கும். அதோட பற்கள் ஒண்ணு மேல ஒண்ணு பயங்கர அழுத்தத்துல வழுக்கிட்டே போகும். அந்த அழுத்தத்துல சாதாரண ஆயில் படலம் கிழிஞ்சு போயிடும். அதனால கந்தகம், பாஸ்பரஸ் கலந்த ரசாயனங்களை அதிகமாச் சேர்ப்பாங்க. அது இரும்பு மேல ஒரு பாதுகாப்புப் படலமா ஒட்டிக்கும்.

இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, அந்தப் படலம் சிங்க்ரோவுக்குத் தேவையான உராய்வைக் கெடுக்கலாம். ரெண்டு, சூடு அதிகமானா அந்தக் கந்தகம் செம்புக் கலவையை அரிக்கலாம். இப்ப வர்ற நல்ல ஜிஎல்-5 ஆயில்கள்ல இந்த அரிப்பு பெரிய அளவுல குறைஞ்சிருக்கு. ஆனா முதல் சிக்கல் அப்படியேதான் இருக்கு.

ஜிஎல்-4-ல இந்த ரசாயனங்கள் குறைவு. சிங்க்ரோ வச்ச நிறைய மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு இதுதான் பொருந்தும்.

சரி, அப்ப "மேனுவல் காருக்கு ஜிஎல்-4, முடிஞ்சது"ன்னு எழுதி வச்சுக்கலாமா? கூடாது. உலகத்துல பேர் வாங்கின நாலு மேனுவல் கார்களை மட்டும் பாருங்க.

ஹோண்டா எஸ்2000: கியர்பாக்ஸுக்கு ஹோண்டாவோட சொந்த எம்டிஎஃப். அதே காரோட பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. ஒரே கார், ரெண்டு பெட்டி, ரெண்டு வேற ஆயில்.

மஸ்டா எம்எக்ஸ்-5, 1989-ல வந்த முதல் தலைமுறை: கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90. ஜிஎல்-4, ஜிஎல்-5 ரெண்டுமே கையேட்டுல அனுமதிச்சிருக்காங்க. ஆனாலும் சிங்க்ரோவை நினைச்சு ஜிஎல்-4 தேடி ஊத்துறவங்க நிறைய.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்: மேனுவல் கியர்பாக்ஸுக்கே 75டபிள்யூ-90 ஜிஎல்-5 கேட்கிறாங்க. ஏன்னா முன்பக்க டிஃபரன்ஷியல் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கு, ரெண்டுக்கும் ஒரே ஆயில். டிஃபரன்ஷியலுக்கு ஹைப்பாய்டு கியர், அதனால ஜிஎல்-5 வேணும். அந்த ஆயில்ல வேலை செய்யுற மாதிரி சிங்க்ரோவை அவங்க வடிவமைச்சிருக்காங்க. இந்தக் கார்ல போய் "ஜிஎல்-4தான் நல்லது"ன்னு ஊத்தினா டிஃபரன்ஷியல் அடி வாங்கும்.

1980, 90-கள்ல வந்த டி-5 கியர்பாக்ஸ் ஃபோர்டு மஸ்டாங்: மேனுவல் கியர்தான், ஆனா உள்ள ஊத்துறது ஏடிஎஃப். அதாவது ஆட்டோமேட்டிக் கார்ல ஊத்துற சிவப்பு ஆயில்!

நாலு கார், நாலு பதில். எந்த ஆயிலும் தனியா நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. எந்தப் பெட்டிக்குன்னு சொன்னாத்தான் பதில் சொல்ல முடியும்.

நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான ஹேட்ச்பேக், செடான் எல்லாம் முன் சக்கர டிரைவ், இன்ஜினைக் குறுக்கால வச்சது. அதுலயும் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயேதான் இருக்கு. ஆனா அதுல இருக்குறது ஹைப்பாய்டு இல்ல, சாதாரண சாய்வுப் பல் கியர். அதுக்கு ஜிஎல்-5-ஓட அந்தக் கூடுதல் பலம் தேவையே இல்ல. என் சிவிக்கும் இந்த வகைதான். லாரிக்கு நல்லதுன்னு சொன்ன காரணமே என் காருக்குப் பொருந்தாத காரணம்.

75டபிள்யூ-90ன்னா என்ன?

இது ஆயிலோட தடிமன். டபிள்யூக்கு முன்னாடி இருக்குற எண் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்லுது. எண் குறைய குறைய குளிர்ல சுலபமா ஓடும். பின்னாடி இருக்குற எண் சூட்டுல எவ்வளவு கெட்டியா இருக்கும்னு சொல்லுது.

இங்க ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். இன்ஜின் ஆயில் 10டபிள்யூ-40, கியர் ஆயில் 75டபிள்யூ-90, அப்ப கியர் ஆயில் ரெண்டு மடங்கு கெட்டியா? இல்ல. ரெண்டும் வேற வேற அளவுகோல். சூட்டுல பார்த்தா 90 கியர் ஆயிலும் 40 இன்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான். சென்டிமீட்டரையும் இன்ச்சையும் அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாதுல்ல, அது மாதிரி.

ஹோண்டாவோட எம்டிஎஃப் வழக்கமான கியர் ஆயிலை விட மெல்லிசு. பழைய ஹோண்டா கையேடுகள்ல, எம்டிஎஃப் கிடைக்காத சமயத்துல தற்காலிகமா இன்ஜின் ஆயில் ஊத்திக்கலாம்னுகூட இருக்கும். அந்த மாதிரி பெட்டியில நான் 80டபிள்யூ-90 ஊத்தினேன். காலையில ரெண்டாவது கியர் மரம் மாதிரி இருந்ததுக்கு இதுதான் காரணம். ஆயில் கெட்டியா இருந்தா அதைத் தள்ளிக்கிட்டு சிங்க்ரோ வேலை செய்யவே நேரம் ஆகும்.

இப்ப நம்ம வேலைக்கு வருவோம்: கணக்கு

நான் மிச்சம் பண்ணினது 900 ரூபாய். இந்த ஆயில் 40,000 கிலோமீட்டர் ஓடும்னு வச்சுக்குங்க. 900-ஐ 40,000-ஆல வகுத்தா கிலோமீட்டருக்கு 2.25 பைசா. நான் மிச்சம் பிடிச்சது அவ்வளவுதான்!

இன்னொரு விதமா பாருங்க. 900-ஐ 38,000-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 2.4 சதவீதம். இதுக்கு என்ன அர்த்தம்? தப்பான ஆயிலால சிங்க்ரோ போறதுக்கான வாய்ப்பு 2.4 சதவீதத்துக்கு மேல கூடுதுன்னா, அந்த 900 ரூபாய் மிச்சம் உண்மையில நஷ்டம். "நூத்துல மூணு பேருக்குத்தான் ஆகும்"னு ஒருத்தர் சொன்னாக்கூட அது நல்ல டீல் இல்ல. குறைஞ்ச செலவுல பெரிய இழப்பைத் தடுக்க முடியும்னா தடுத்துடணும். டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்றதும் இதே கணக்குலதான்.

அடுத்தது வரி. சம்பளம் வாங்குற நம்மளால சொந்தக் காரோட ரிப்பேர் செலவைச் சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. கம்பெனி வேலைக்கு ஓட்டினதுக்கு கம்பெனி திருப்பித் தர்றது தனி விஷயம். நீங்க 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து 31.2 சதவீதம் போயிடும். 38,000 ரூபாய் ரிப்பேர் பில் கட்ட, சுமார் 55,200 ரூபாய் சம்பாதிச்சிருக்கணும். பில்லுல எழுதியிருக்குறது 38,000. நீங்க உழைச்சது 55,200-க்கு.

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு கேட்பீங்க. சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் கவர் ஆகாது. விபத்து நடந்தாத்தான் பேச்சே. பம்பர்-டு-பம்பர்னு சொல்ற ஜீரோ டெப்ரிசியேஷனும் இதுக்கு உதவாது, அது விபத்துல மாத்துற பாகங்களுக்கு. வண்டி இன்னும் வாரண்டியிலயோ எக்ஸ்டெண்டட் வாரண்டியிலயோ இருந்தா, விதிமுறைகளை எடுத்துப் படிங்க. கம்பெனி சொல்லாத ஆயிலால வந்த பழுதுக்கு விலக்குன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

அப்ப 3,000 ரூபாய் ஆயில்தான் வாங்கணுமா?

வேண்டாம். தம்பிக்கு நான் சொன்ன பதிலோட ரெண்டாவது பாதி இதுதான். 400 ரூபாய் ஆயில் தப்புன்னு ஆகிட்டதால 3,000 ரூபாய் ஆயில் சரின்னு ஆகாது.

ரேஸ் டிராக்ல அரை மணி நேரம் விடாம ஓட்டுறவங்களுக்கு, ஆயில் சூடு எங்கேயோ போயிடும். அவங்களுக்கு அந்த விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில்ல அர்த்தம் இருக்கு. அதுவும் கார் கம்பெனி கேட்ட வகைக்குள்ள இருந்தா மட்டும்தான். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஓஎம்ஆர் டிராஃபிக்ல ஒண்ணாவது ரெண்டாவது கியர்லயே போயிட்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏற்காடு ஏறுற வண்டிக்கு, கையேட்டுல இருக்குற ஆயிலைச் சரியான நேரத்துல மாத்துறதே போதும். மிச்ச காசை எஸ்ஐபி-ல போடுங்க.

"கியர் ஸ்மூத் ஆகும்"னு ஒரு சின்ன பாட்டில் விப்பாங்க, ஆயிலோட கலந்து ஊத்துறதுக்கு. அதையும் விட்டுடுங்க. உராய்வை இவ்வளவு கவனமா அளந்து செஞ்ச ஆயில்ல நாம எதையோ கலந்து அந்த அளவைக் கெடுக்குறோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

முதல்ல ஓனர்ஸ் மேனுவலை எடுங்க. கடைசிப் பக்கங்கள்ல ஸ்பெசிஃபிகேஷன்னு ஒரு அட்டவணை இருக்கும். மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஆயில்னு ஒரு வரி. அதுல வகை, தடிமன், எத்தனை லிட்டர் மூணும் இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினப்போ புத்தகம் வரலையா? நிறைய கம்பெனிகள் இணையதளத்துல பிடிஎஃப் போட்டிருக்காங்க. இல்லன்னா சேசிஸ் நம்பரைக் குறிச்சுக்கிட்டு ஷோரூம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்ல கேளுங்க. ஒரே மாடல்ல டீசலுக்கும் பெட்ரோலுக்கும், அஞ்சு கியருக்கும் ஆறு கியருக்கும் வேற ஆயில் இருக்கலாம். அதனால மாடல் பேரை மட்டும் சொல்லி வாங்காதீங்க.

ரெண்டாவது, கேனோட முன்பக்கத்தைப் பார்க்காதீங்க, பின்பக்கத்தைப் படிங்க. "இந்தக் கம்பெனி அங்கீகரிச்சது"ன்னு இருக்குறதும், "இந்த வண்டிகளுக்குப் பொருந்தும்"னு இருக்குறதும் ஒண்ணு இல்ல. முதலாவது கார் கம்பெனி பரிசோதிச்சு ஒத்துக்கிட்டது. ரெண்டாவது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கிறது. எங்க தொழில் பாஷையில சொன்னா, ஒண்ணு ஆடிட் பண்ணின கணக்கு, இன்னொண்ணு ஆடிட் பண்ணாத கணக்கு. ரெண்டாவது பொய்னு சொல்லல. ஆனா ரெண்டுக்கும் ஒரே மதிப்பு குடுக்காதீங்க. "ஜிஎல்-4/ஜிஎல்-5"ன்னு ரெண்டையும் சேர்த்துப் போட்டிருந்தாலும், உங்க கம்பெனி கேட்ட தரம் பேரோட இருக்கான்னு தேடுங்க.

மூணாவது, போலி. காலி கேன்களை எடுத்து, மட்டமான ஆயிலை நிரப்பி விக்கிறது நம்ம நாட்டுல நடக்குற விஷயம். அங்கீகரிச்ச டீலர்கிட்ட, ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க. "பில் இல்லாம எடுத்தா குறையும் சார்"னா, குறையுறது விலை மட்டும் இல்ல, நாளைக்கு நீங்க கேள்வி கேட்குற உரிமையும்தான். ஊத்தி முடிச்சதும் காலி கேனை ஓட்டை போட்டுட்டுக் குடுங்க.

ஒர்க் ஷாப்ல பக்கத்துல நில்லுங்க

நிரப்புற போல்ட்டை முதல்ல கழட்டச் சொல்லுங்க. அது கழண்டு வந்த அப்புறம்தான் கீழ இருக்குற டிரெயின் போல்ட்டைத் தொடணும். ஆயிலையெல்லாம் இறக்கிட்டு, நிரப்புற போல்ட் துரு பிடிச்சுக் கழலலைன்னா வண்டி அங்கேயே நிக்கும்.

வண்டி மட்டமா நிக்கணும். பக்கவாட்டுல நிரப்புற ஓட்டை இருக்குற பெட்டிகள்ல, பொதுவா ஆயில் ஓட்டை வரைக்கும் வந்து லேசா வழிஞ்சா அளவு சரி. வேற முறை இருந்தா அதுவும் கையேட்டுல இருக்கும்.

போல்ட்டுக்கு அடியில இருக்குற வாஷரைப் புதுசா போடச் சொல்லுங்க. விலை ரொம்பக் கம்மி. பழசையே போட்டு ஆயில் கசிஞ்சா, கியர்பாக்ஸ்ல ஆயில் குறையுறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. டேஷ்போர்டுல அதுக்கு லைட் கிடையாது.

டிரெயின் போல்ட்ல காந்தம் இருந்தா அதைப் பாருங்க. கறுப்பு மை மாதிரி பொடி ஒட்டியிருந்தா வழக்கமான தேய்மானம். கையில தட்டுப்படுற இரும்புத் துண்டு இருந்தா விஷயம் பெருசு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களுக்கு இது இலவசமா கிடைக்கிற ஸ்கேன் ரிப்போர்ட்.

பில்லுல "கியர் ஆயில்"னு மட்டும் எழுத விடாதீங்க. பிராண்ட், வகை, தடிமன், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர்ல மாத்தினது எல்லாம் எழுதி வாங்குங்க. என் பழைய பில்லுல "ஆயில் - 800"ன்னு மட்டும்தான் இருந்தது. அதை வச்சு யார்கிட்டயும் எதுவும் கேட்க முடியல.

ஆயில் மாத்தினா சரியாகிடுமா?

எல்லாத்துக்கும் ஆயில் மருந்து இல்ல. செலவு பண்றதுக்கு முன்னாடி வீட்டுலயே சின்னதா ஒரு சோதனை பண்ணுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. ஆஃப்ல சுலபமா விழுது, ஓடும்போது எல்லா கியரும் கஷ்டம், ரிவர்ஸ்ல சத்தம்னா கிளட்ச் முழுசா விடலைன்னு சந்தேகப்படலாம். ஒரே ஒரு கியர்ல மட்டும் "கர்"னா அந்த கியரோட சிங்க்ரோ. காலையில மட்டும் எல்லாமே இறுக்கமா இருந்து, சூடானதும் சரியாகுதுன்னா ஆயிலைச் சந்தேகப்படுங்க. இதை முதல்லயே செஞ்சிருந்தா கிளட்ச்சுக்குப் பண்ணின வீண் செலவு எனக்கு மிச்சம். தேஞ்சு போன சிங்க்ரோவை எந்த ஆயிலும் வளர்த்துக் குடுக்காது.

இஎம்ஐ மட்டும் கார் செலவு இல்ல

கடைசியா, 38,000 ரூபாய் பில் எனக்கு ஏன் வலிச்சதுன்னு சொல்றேன். தொகை மட்டும் காரணம் இல்ல. அதுக்குன்னு நான் ஒதுக்கி வைக்கல. அந்த மாச கிரெடிட் கார்டுல போட்டு, ரெண்டு மாசம் இழுத்தேன். ஊருக்கெல்லாம் எமர்ஜென்சி ஃபண்ட் பத்திப் பேசுற ஆள்!

இப்ப நான் வச்சிருக்குற கணக்கு இது. பெட்ரோல் இல்லாம, வருஷத்துக்கு: இன்சூரன்ஸ் 14,000. சர்வீஸ் 10,000. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை டயர் 24,000, அதனால வருஷத்துக்கு 6,000. கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் சராசரியா 2,000. எதிர்பாராத ரிப்பேருக்கு 10,000. மொத்தம் 42,000. பன்னிரண்டால வகுத்தா மாசம் 3,500. சம்பளம் வந்த மறுநாளே தனி ஆர்டி-க்குப் போயிடும். உங்க வண்டிக்கு எண்கள் மாறும், முறை ஒண்ணுதான். கார் வாங்கறதுக்கு முன்னாடி "இஎம்ஐ கட்ட முடியுமா?"ன்னு கேட்காதீங்க. "இஎம்ஐயும் இந்தத் தொகையும் சேர்த்துக் கட்ட முடியுமா?"ன்னு கேளுங்க.

அந்தத் தம்பிக்கு நான் அனுப்பின பதில் ரொம்பச் சின்னது: "விலையைப் பார்க்காதீங்க தம்பி. கையேட்டுல அந்த வரியை போட்டோ எடுத்து அனுப்புங்க." அனுப்பினார். அவர் வண்டிக்குத் தேவையான ஆயில் லிட்டர் 850 ரூபாய். 400-ம் இல்ல, 3,000-மும் இல்ல.

ஃபண்ட் வாங்கும்போதும் நாம இதே தப்பைத்தான் செய்யுறோம். 12 சதவீதத்தை விட 18 சதவீதம் பெருசுன்னு பார்த்து ஸ்மால் கேப்ல போடுறோம். ரெண்டு வருஷத்துல தங்கச்சி கல்யாணத்துக்குத் தேவைப்படுற பணம் அதுன்னு யோசிக்கறது இல்ல. எண் பெருசா இருக்கலாம், அது நம்ம தேவைக்குச் சொன்ன எண்ணான்னுதான் பார்க்கணும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. டேஷ்போர்டு பெட்டியில இருக்குற அந்தப் புத்தகத்தை எடுத்து, கியர் ஆயில் வரியைக் கண்டுபிடிச்சு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அடுத்த தடவை ஒருத்தர் "ஒரு நம்பர் மேல சார்"னு சொல்லும்போது, அந்த போட்டோவைக் காட்டுங்க.

அடுத்த வீடியோவுல செகண்ட் ஹேண்ட் கார் லோனோட வட்டிக் கணக்கைப் பார்ப்போம். அதுவரைக்கும், பில்லைப் பத்திரமா வைங்க!